வில்மாவுக்காக ‘நான்’ என்று சொன்னவள்

எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓய்வு பெற்றுவிட்டேன். இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு பென்ஷன் உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை. மாலை போட்டு, மிக்சர் கொடுத்து அனுப்பிவைத்தார்களா? அதுவும் இல்லை. டச்சு மொழிபெயர்ப்பாளர் என்ற என் உத்தியோகத்தை ஒரு நாள் மேசைமேல் வைத்த கைபேசி எடுத்துக்கொண்டது. நான் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி, இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளின் ஆட்கள் இதைத்தான் வேலை என்று ஒப்புக்கொள்கிறார்கள். முன்பு செய்ததை “அந்தப் பேச்சு வேலை” என்பார்கள், ஏதோ எனக்கு இருந்த வியாதியைச் சொல்வதுபோல.

சமீபத்தில் இலக்கிய விழா ஒன்றில் தொண்டு செய்யும் இரண்டு கல்லூரிப் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் விழாவில் வெளிநாட்டுக் கவிஞர் பேசப் பேச, கைபேசியே தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிவிடுகிறதாம். “அப்போ அதுக்கு முன்னாடி மனுஷங்களே இதைச் செஞ்சாங்கல்லே சேச்சி? பேடியா, பயமா இருக்காதா?” என்று ஒருத்தி கேட்டாள். தந்தி அடித்த கிழவரைப் பார்ப்பதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும்தான்.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா தேயிலை பறித்தாள். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டினார். நான் நகரத்துக்கு வந்து ஆங்கில எம்.ஏ. முடித்தேன். முடித்த கையோடு உலகம் என்னை வரவேற்கும் என்று எதிர்பார்த்தேன். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி வரவேற்றது. அங்கே எங்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து டச்சு கற்றுக்கொடுத்தார்கள். எதற்கு என்றால், டச்சுக்காரர்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனால் தொலைபேசியில் கேட்பார்கள், நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, என் டச்சு வாஷிங் மெஷின் டச்சு. பம்பு, வடிகட்டி, கசிவு, அடைப்பு, தண்ணீர் இறங்கவில்லை, மூடியைத் திறக்காதீர்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது: இவற்றில் என்னை வெல்ல ஆள் கிடையாது. காதல், மரணம், நிலா ஆகியவற்றுக்கு அந்தக் கம்பெனியில் தேவை ஏற்படவில்லை.

சில வருடங்களில் அந்தப் பிரிவை மூடினார்கள். நான் கோவளத்தில் ஓர் ஆயுர்வேத விடுதிக்கு, டச்சு விருந்தினர் வரும்போது மட்டும் போய்வந்தேன். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வியே மலம் ஒழுங்காகப் போகிறதா என்பதுதான். எனக்குத் தெரிந்த டச்சில் அதை, “வடிகாலில் அடைப்பு உண்டா?” என்று கேட்டேன். அந்த அம்மாள் சற்று யோசித்து, தன் வீட்டுச் சமையலறையில் உண்டு என்று பதில் சொன்னார். வைத்தியர் அதற்குக் கஷாயம் எழுதினார்.

இந்த அனுபவத்தோடுதான் அலமேலு டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

டீச்சர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கரமனை அக்ரஹாரத்தில் தனியாக இருந்தார். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துபோனார். அதைப் பற்றி டீச்சர் பேசி யாரும் கேட்டதில்லை, தெருவிலும் யாரும் பேச்செடுப்பதில்லை. அந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் ஒரு டச்சுப் பெண் கவிஞரின் ஆங்கிலப் புத்தகம் அவர் கையில் கிடைத்திருக்கிறது. கவிஞர் பெயர் வில்மா. டீச்சர் அன்று தொடங்கியவர், வில்மாவின் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் உள்ள சிறிய கலாசார அமைப்பு ஒன்றுக்கு அவர்தான் பொறுப்பாளர். வெளிநாட்டு எழுத்தாளர்களை வரவழைப்பதும் கூட்டம் நடத்துவதும் அதன் வேலை. மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது.

டீச்சரின் தோரணையைச் சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தவறு செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “ம். திரும்பச் சொல்லு” என்பார். என்னால் அந்தக் கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருந்தது.

மேடையில் மொழிபெயர்ப்பதற்கு அவர் முறைகள் வைத்திருந்தார். பேசுபவருக்கு இடது தோளுக்குப் பின்னால் நாற்காலி. பளிச்சென்ற புடவை கூடாது. பேசுபவர் சிரித்தால் நாம் சிரிக்கக் கூடாது, அந்தச் சிரிப்பை வாக்கியத்தில் கொண்டுவர வேண்டும். ஒரு சொல் தெரியாவிட்டால் விழிக்காமல், தெரிந்த சொற்களால் அந்தப் பொருளைக் காட்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: “அவர் சொல்கிறார்” என்பது தடை. அவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’.

“அவர் பசிக்கிறதுன்னா, நோக்குப் பசிக்கணும். மனசிலாச்சோ?” என்பார் டீச்சர்.

நானும் பழகிக்கொண்டேன். எழுபது வயது நாவலாசிரியருக்காக, “என் மூன்றாவது மனைவி என்னை விட்டுப் போனபோது” என்று முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை, “நான் போர்க்களத்தில் தாடி வளர்த்தேன்” என்றும் சொன்னேன். முன்வரிசைக்காரர் என் தாடையைக் கவனமாகப் பார்த்தார்.

டீச்சரின் மொழிபெயர்ப்பு கடைசியில் புத்தகமாக வந்தது. வெளியீட்டு விழாவுக்கு வில்மாவே வருவதாக ஒப்புக்கொண்டார். டீச்சர் என்னை உட்காரவைத்து வில்மாவின் வாழ்க்கையை மனப்பாடம் செய்யச் சொன்னார். அறிமுக உரையும் என் பொறுப்பு. காகிதம் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

இன்றும் சொல்வேன். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊரில் பிறந்தவர் வில்மா. அங்கே கால்வாய்த் தண்ணீரை பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் நிலம் நிலமாக இருக்கும். அவர் அப்பா அந்த பம்பு வீட்டின் காவலாளி. வில்மா படிப்பைப் பாதியில் விட்டு ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் கவிதை எழுதினார். முதல் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. இரண்டு புத்தகங்களுக்குப் பிறகு கணவரைப் பிரிந்தார். அதன்பின் பத்து வருடம் ஒரு வரிகூட எழுதவில்லை. மறுபடி வந்தபோது மிக மெல்லிய ஒரு புத்தகத்தோடு வந்தார். அதில் ‘பம்பு நின்றது’ என்ற கவிதைதான் புகழ்பெற்றது. பம்பு நின்றுபோகிறது, தண்ணீர் வருகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை, வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் கவிதை.

டீச்சரின் முன்னுரை முழுவதும் அந்தப் பத்து வருட மௌனத்தைப் பற்றியது. துயரம் ஒரு பெண்ணின் வாயை எப்படி மூடுகிறது என்று எழுதியிருந்தார். அதைத் தட்டச்சு செய்தபோது நானே இரண்டு இடத்தில் அழுதேன். ஆங்கிலப் பதிப்பின் பின்னட்டையும் அப்படித்தான் சொன்னது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வில்மா வந்தார். உயரம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, மலையேறுகிறவர் போடுகிற செருப்பு. மேடையில் டச்சு தவிர வேறு பேசமாட்டேன் என்று முன்பே எழுதியிருந்தார். மேடைக்கு வெளியேயும் என்னிடம் டச்சிலேயே பேசினார். என் சொற்களில் அவருக்கு ஒரே ஆனந்தம். “என் அப்பாவுக்கு அப்புறம் இவ்வளவு நன்றாக பம்பு பேசுகிற ஆளைப் பார்த்ததில்லை” என்றார். அவர் கவிதைகளில் காதலும் நிலாவும் இல்லை. பம்பு, மதகு, கசிவு, அடைப்பு. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நான் ஓர் இலக்கியத்துக்கு முழுத் தகுதியோடு இருந்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் பிற்பகல் ஊர் பார்க்கப் போனோம். கோயில் வாசல், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்தார். ஆரியசாலைச் சந்தில் நுழைந்ததும் நின்றுவிட்டார். ஒரு சிப்ஸ் கடை. வாசலிலேயே பெரிய வார்ப்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் கொதிக்கிறது. கடைக்காரர் நேந்திரங்காயை எண்ணெய்க்கு மேலேயே பிடித்து, சீவுகட்டையில் நேராக உள்ளே சீவுகிறார். வேகும்போது உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுகிறார். எண்ணெய் சீறி எழுந்து அடங்குகிறது. மற்ற வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் பயந்து பின்வாங்குவார்கள். வில்மா முன்னால் போய்க் குனிந்தார்.

“மதாம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க அக்கா, தெறிக்கும்” என்றார் கடைக்காரர்.

சொன்னேன். வில்மா நகரவில்லை. “ஒரு தடவைதான் பொரிக்கிறாரா என்று கேள்” என்றார்.

“ஒரு தடவைதான். பின்னே, வடையைக்கூட ரெண்டு தடவையா போடுவாவ?”

“உருளைக்கிழங்கை இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதலில் மெதுவாக, ஆறவைத்து, பிறகு வேகமாக. நான் பத்து வருடம் அதைத்தான் செய்தேன்.”

நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் மரியாதையோடு எழுந்து நின்று, “அட, நம்ம ஆளா! இருக்கச் சொல்லுங்க” என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். பத்து வருடம் என்று அவர் சொன்னது, எந்தப் பத்து வருடம்?

கேட்டேன். அந்தப் பத்து வருடம்தான். கணவரை அவரே வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். படகுத் துறையில் கடை போட்டிருக்கிறார். காலையிலிருந்து மாலை வரை எண்ணெய், கூட்டம், சிரிப்பு. எழுத வேண்டும் என்ற நினைப்பே வரவில்லையாம்.

“துயரம் என்று எழுதியிருக்கிறார்களே?” என்றேன்.

“பதிப்பாளர் எழுதினார். துயரம் என்றால் வாங்கினார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.” சிப்ஸ் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “எனக்கு வயதாகிவிட்டது. எங்காவது ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாளைக்குக் கேட்டால் சொல்வேன். நீ அப்படியே சொல்வாய் அல்லவா?”

“சொல்வேன்” என்றேன். என் தொழில் தர்மம் அப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கரமனைக்கு பஸ் ஏறியதும் அது முதல் நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டது.

டீச்சர் மறுநாளைக்கான புடவையை மடித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன. அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை.

“டீச்சர், நாளைக்கு வில்மா அந்தப் பத்து வருஷத்தைப் பத்திப் பேசினாலும் பேசுவாங்க” என்றேன்.

“பேசட்டுமே. அதைக் கேக்கத்தானேடீ நான் இத்தனை வருஷமாக் காத்துண்டிருக்கேன்?”

“இல்ல டீச்சர், புத்தகத்துல இருக்கிற மாதிரி இல்லாம, வேற மாதிரி…”

“வேற மாதிரின்னா, இன்னும் ஆழமாச் சொல்லுவா. நீ சொல் கெடைக்கலைன்னு முழிக்காம இருந்தாப் போரும். காப்பி குடிக்கறாயோ?”

காப்பி குடித்தேன். இன்னொரு தடவை வாயைத் திறந்தேன், முறுக்கு வந்தது. அதையும் தின்றுவிட்டு வந்தேன்.

விழாவில் அரங்கு நிறைந்திருந்தது. அக்ரஹாரத்து மாமிகள், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள், கல்லூரிக்காரர்கள். மூன்றாவது வரிசையில் அம்மா. கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டுகிற புடவையில், போனக்காட்டிலிருந்து விதுரை வழியாக பஸ் மாறி வந்திருந்தாள். என் வேலையை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “நான் மேடையில பேசுவேம்மா” என்று மட்டும் சொல்லியிருந்தேன். டீச்சரின் ‘நான்’ விதியை விளக்கிச் சொல்லவில்லை. நான் படித்தவள் இல்லையா, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அறிமுக உரையைக் காகிதம் இல்லாமல் சொல்லி முடித்தேன். டீச்சர் தலைமையுரையில் மௌனத்தைப் பற்றிப் பேசினார். சில கைக்குட்டைகள் வெளியே வந்தன. வில்மா கவிதைகள் வாசித்தார், நான் டீச்சரின் தமிழை வாசித்தேன். பிறகு கேள்வி நேரம். ஒரு பெரியவர் எழுந்து, “அந்தப் பத்து ஆண்டு மௌனத்தைப் பற்றி அம்மையார் வாயால் இரண்டு வார்த்தை கேட்க விரும்புகிறோம்” என்றார்.

வில்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். நானும் தொடங்கினேன்.

“அந்தப் பத்து வருடமும் நான் உருளைக்கிழங்கு வறுத்தேன். படகுத் துறையில் கடை வைத்திருந்தேன்.”

அரங்கம் அதை ஒரு படிமம் என்று எடுத்துக்கொண்டது. சிலர் தலையாட்டினார்கள்.

“என் கணவரை நான்தான் வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். அவர் போன பிறகு நன்றாகத் தூங்கினேன்.”

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றாள்.

“எட்டி முத்து! உனக்கு எப்பட்டி கல்யாணம் கழிஞ்சுது?”

தேயிலைக் காட்டில் ஒரு சரிவிலிருந்து மறுசரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. என் தொழில் வாழ்க்கையின் எல்லா விதிகளும் அந்த இடத்தில் உதிர்ந்தன. மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே, “அம்மா, நான் இல்லம்மா! இவங்க!” என்றேன்.

“இவங்கன்னா நீ எதுக்குட்டி நான்னு சொல்லுதே? ஆள் கூடியிருக்கிற எடத்துல!”

அரங்கமே வெடித்தது. வில்மா என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, எழுந்து அம்மாவை நோக்கிக் கைகூப்பினார். அம்மா சந்தேகத்தோடு கைகூப்பி உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, வில்மா கடைசி வாக்கியத்தைச் சொன்னார். சின்ன வாக்கியம். வாஷிங் மெஷின் கம்பெனியில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்த சொல்தான் அதில் இருந்தது. பழுது சரியான வாடிக்கையாளரிடம் கேட்போம்: இப்போது சந்தோஷமா?

“நான் அமைதியாக இருந்தேன்” என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘அமைதி’ என்றால் டீச்சரின் முன்னுரை பிழைத்துக்கொள்ளும். உருளைக்கிழங்கைக்கூட துயரத்தில் வறுத்ததாக எழுதிவிடலாம். அரங்கில் டச்சு தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. டீச்சரைப் பார்த்தேன். அவர் வில்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

“நான் சந்தோஷமாக இருந்தேன்” என்றேன். “அதனால் எழுதத் தோன்றவில்லை.”

இப்போது யாரும் தலையாட்டவில்லை. எல்லார் கையிலும் அழைப்பிதழ் இருந்தது, அதில் துயரம் என்ற சொல்லோடு முன்னுரையின் தலைப்பும் இருந்தது. டீச்சர் மெதுவாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“அப்படியானால், ‘பம்பு நின்றது’ என்ற கவிதை எதைப் பற்றியது?” மேடைக்கென்று வைத்திருந்த எழுத்துத் தமிழில் கேட்டார்.

நான் டச்சில் கேட்டேன். வில்மா உடனே பதில் சொன்னார். இந்தப் பதிலில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

“பம்பைப் பற்றியது. அன்றைக்கு அது பழுதாகிவிட்டது.”

பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. டீச்சர் சிரிக்கவில்லை. மேசைமேல் ரிப்பன் கட்டி வைத்திருந்த புத்தகக் கட்டை நேராக்கி வைத்தார். மறுபடி பேசியபோது மேடைத் தமிழ் போய்விட்டிருந்தது.

“அப்போ நான் இத்தனை வருஷமா யாருக்காக அழுதேன்?”

சிரிப்பு நின்றது. அங்கே இருந்த பாதிப் பேருக்கு டீச்சரின் வீட்டுக் கதை தெரியும். “சொல்லு” என்றார் என்னிடம். விதிப்படி ‘நான்’ போட்டு டச்சில் சொன்னேன்.

வில்மா கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு டீச்சரின் பக்கம் முழுவதும் திரும்பிப் பேசினார். நானும் டீச்சரைப் பார்த்தே சொன்னேன்.

“யாருக்காக என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியபோது அந்தக் கவிதையில் அழுகை இல்லை. நீங்கள் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள். எடுக்கச் சொல்லமாட்டேன்.”

டீச்சர் எழுந்தார். கட்டின் ரிப்பனை அவரே அவிழ்த்தார். அவையைப் பார்த்து, “முன்னுரை என்னோடது, கவிதை அவாளோடது. ரெண்டையும் தனித்தனியா வாசிச்சுக்கோங்கோ” என்றார். புத்தகம் வெளியானது. அன்றைக்கு அது நன்றாகவே விற்றதாகச் சொன்னார்கள். நான் வணக்கம் சொல்வதற்குக்கூடத் தலைதூக்கவில்லை.

திரும்பும்போது டீச்சர், அம்மா, நான் மூவரும் ஒரே காரில் வந்தோம். வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, பி.எஸ்.சி.க்கு எந்த கைடு வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு தப்பு பண்ணினாய்” என்றார் டீச்சர்.

“அம்மாகிட்ட மேடையிலேருந்து பேசினது ஒண்ணு, டீச்சர்.”

“ஆமாம். அவாளுக்கு முதல்லயே சொல்லி வெச்சிருக்கணும். பாவம், பதறிட்டா.”

“பின்னே பதறமாட்டனா டீச்சரம்மா?” என்றாள் அம்மா. “கெட்டின மாப்பிள்ளையைத் துரத்திட்டேன்னு சொல்லுதா. எனக்குத் தெரியாம!”

“ரெண்டாவது, அந்தச் சந்தோஷம்ங்கற வார்த்தைக்கு முன்னாடி தயங்கி நின்னாய். நிக்கப்படாது. நின்னா, நீ என்னைக் காப்பாத்தப் பார்க்கறாய்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“மன்னிச்சிடுங்க டீச்சர்.”

“எதுக்கு? காப்பாத்த நெனச்சதுக்கா, காப்பாத்தாததுக்கா?”

கரமனை வந்தது. கதவைத் திறந்து இறங்கப் போன டீச்சர், திரும்பி உட்கார்ந்தார்.

“திங்கட்கிழமை கார்த்தால வந்துடு. அடுத்த பதிப்புக்கு முன்னுரையை மாத்தணும்.”

“எடுத்துடப் போறீங்களா டீச்சர்?”

“எதுக்கு எடுக்கணும்? எல்லாம் அப்படியே இருக்கட்டும். வில்மான்னு வர்ற எடத்திலெல்லாம் நான்னு போடணும். அவ்வளவுதான்.”

திங்கட்கிழமை போனேன். டீச்சர் சொல்லச் சொல்ல மாலை வரை தட்டச்சு செய்தேன். அந்த வேலைக்கு ஒரு வார்த்தை டச்சுகூடத் தேவைப்படவில்லை.